ஓட்டிப் பார்ப்பதற்கு முன் சொல்லிப் பார்ப்பது

பிள்ளைக்குக் கணினி அறிவியல் கற்றுக்கொடுக்க விரும்பும் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த நிரல் மொழியில் தொடங்குவது என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஸ்கிராட்சா, பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா என்று ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். இளையோருக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கவே நான் விரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு முன்னதாகத் தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு சிறிய நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பை, கையில் கொடுத்தால், அதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, இது என்ன செய்யும் என்று அந்தப் பிள்ளையால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? சொன்னபடி நடக்காவிட்டால், தன் எதிர்பார்ப்பும் கணினியின் செயலும் எந்த வரியில் பிரிந்தன என்று தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதா? இவை இரண்டும் கைவந்த பிள்ளை எந்த மொழிக்கும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். இவை வராத பிள்ளை எத்தனை மொழிகளைத் தொட்டாலும், ஆசிரியர் திரையில் காட்டியதைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டே இருக்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கணினிப் பாடத்திட்டத்தில், ஐந்து முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரிய பகுதி மிகச் சிறியது. அல்காரிதம் (ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கான படிகளின் வரிசை) என்றால் என்ன என்று புரிந்துகொள்வது, எளிய நிரல்களை எழுதிப் பிழைதிருத்துவது ஆகியவற்றோடு, எளிய நிரல்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தர்க்கரீதியாக முன்கூட்டியே சொல்வதும் அதில் தனி ஒரு வரியாக இடம்பெற்றிருக்கிறது. ஏழு வயதுக்குள் என்னென்ன கட்டளைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதில் பட்டியல் எதுவும் இல்லை. எனக்குப் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.

முன்கூட்டியே சொல்வதன் மதிப்பை எளிதில் காட்டக்கூடியது லோகோ மொழியின் ஆமை. சிறுவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட லோகோ 1967இல் வெளிவந்தது. சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் அதன் பின்னால் இருந்தனர். பேப்பர்ட் ஒரு கணிதவியலாளர். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ஜான் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். ஆமை என்பது முதலில் தரையில் ஊர்ந்து கோடு போடும் ஒரு சிறு இயந்திரமாகவும் பிறகு திரையில் நகரும் ஒரு முக்கோணக் குறியாகவும் இருந்தது. இவ்வளவு முன்னே செல், இத்தனை பாகை திரும்பு என்ற இரண்டு கட்டளைகளே அதை ஓட்டப் போதுமானவை. இன்று பைத்தானிலும் ஒரு ஆமை இருக்கிறது, கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராட்சில், திரையில் நிற்கும் பூனையிடம் பேனாவைக் கொடுத்தாலும் அதே வேலையைச் செய்யும்.

நூறு அலகு முன்னே செல், வலப்புறம் 90 பாகை திரும்பு என்பதை நான்கு முறை செய்தால் சதுரம் வரும். இதில் யாரும் தடுமாறுவதில்லை. அடுத்து, மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வரையச் சொல்லும்போதுதான் பாடம் தொடங்குகிறது. பள்ளிக் கணிதத்தில் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை, யோசிக்காமல் மூன்று முறை, நூறு அலகு, 60 பாகை என்று எழுதும். இந்த இடத்தில் ஓட்டுவதற்கு முன் தாளில் வரைந்து காட்டும்படி நான் கேட்பேன். அழகான முக்கோணம் ஒன்றைத் தாளில் வரைந்துவிட்டு, நம்பிக்கையோடு நிரலை ஓட்டும். திரையில் மூடாத ஓர் உருவம் வரும். ஆமை புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல், தொடக்கத்தில் பார்த்த திசைக்கு நேர் எதிராகத் திரும்பி நிற்கும்.

அந்த நிமிடத்தில் பெரியவர்கள் செய்யக்கூடிய மிக மோசமான உதவி, 60ஐ 120 ஆக்கு என்று சொல்லிவிடுவது. படம் உடனே சரியாகிவிடும், பிள்ளையும் சிரித்துவிடும், ஆனால் கற்க வந்த விஷயம் கை நழுவிவிடும். அதற்குப் பதில் பிள்ளையை எழுந்து நடந்து பார்க்கச் சொல்லலாம். ஒரு பக்கம் நடந்து முனைக்கு வந்ததும், அடுத்த பக்கத்தைப் பிடிக்க உடலை எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். கோணம் உள்ளே இருக்கிறது, திருப்பம் வெளியே நடக்கிறது, ஆமைக்கு நாம் தருவது திருப்பத்தைத்தான் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை தானாகவே சொல்லும். அதோடு நிறுத்தாமல், முழுச் சுற்று நடந்து பழைய திசைக்கே வந்து சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு திரும்பியிருப்பாய் என்று கேட்டால், 360 என்ற எண் வெளியே வரும். பிறகு ஐங்கோணத்துக்கு 72, அறுகோணத்துக்கு 60 என்று கணக்குத் தானே ஓடத் தொடங்கும். முன்பு மூடாமல் நின்ற அந்த உருவம் பாதி அறுகோணம் என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

இன்னும் ஒரு படி போகலாம். ஐந்து முனை நட்சத்திரத்துக்கு எவ்வளவு திருப்ப வேண்டும்? 72 போட்டால் ஐங்கோணம் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் முட்டி மோதிய பிறகு யாராவது ஒருவர் 144 என்று கண்டுபிடிப்பார். ஐந்து முறை 144 என்றால் 720. அதாவது ஆமை இரண்டு முழுச் சுற்றுத் திரும்புகிறது. முழுச் சுற்று ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்ற கேள்வி இங்கே பிறக்கிறது. பாடநூலில் இல்லாத ஒரு விதியைத் தவறான படங்களின் வழியாக ஒரு பிள்ளை விரிவாக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பது, ஒரு கட்டளைப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிப்பதைப் பார்ப்பதிலிருந்து எவ்வளவு வேறானது என்பது அருகில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆமை கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள் வரும்போது சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. தொடக்கநிலையினர் நிரலில் செய்யும் தவறுகளை ஆராய்ந்த ராய் பீ, 1986இல் எழுதிய கட்டுரையில் எல்லாத் தவறுகளுக்கும் அடியில் ஒரு பெரிய தவறு இருப்பதாகச் சுட்டிக்காட்டினார். கணினிக்குள் ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, நான் எழுதாததையும் அது என் நோக்கத்திலிருந்து புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கைதான் அது. எந்தப் பிள்ளையும் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. கேட்டால் மறுக்கவும் செய்யும். ஆனால் நடத்தையில் தெரிந்துவிடும். ஒரு மாறிக்கு, அதாவது ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயரிட்ட இடத்துக்கு, ‘மொத்தம்’ என்று பெயர் வைத்துவிட்டால், கூட்டும் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது இதன் மிகச் சாதாரணமான வடிவம். அந்தப் பெயரை ‘வாழைப்பழம்’ என்று மாற்றினாலும் நிரல் அதே விடையைத் தரும் என்பதை ஒருமுறை மாற்றி ஓட்டிக் காட்டிவிட்டால், வகுப்பில் ஒரு சிரிப்பும் அதன் பின் ஒரு யோசனையும் வரும்.

மாறிகளில் நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முதல் வரியில் அ = 5. இரண்டாம் வரியில் ஆ = அ. மூன்றாம் வரியில் அ = 7. இப்போது ஆவின் மதிப்பு என்ன? 7 என்று சொல்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள், அவர்களில் கணிதத்தில் கெட்டிக்காரர்களும் அடங்குவர். சொல்லப்போனால் கணிதத்தில் தேறியவர்கள்தான் இதில் வழுக்குவதற்கு நல்ல காரணம் வைத்திருக்கிறார்கள். கணிதத்தில் சமக்குறி என்பது என்றென்றும் நிற்கும் ஓர் உறவு. நிரலில் அது அந்த நொடியில் நடந்து முடியும் ஒரு செயல்: வலப்பக்கத்து மதிப்பை எடுத்து இடப்பக்கத்துப் பெயரில் வை, அவ்வளவுதான். இரண்டாம் வரி ஓடியபோது அவின் மதிப்பு 5. ஆவுக்குப் போனது அந்த 5. பின்னால் அவுக்கு என்ன ஆனாலும் ஆவுக்கு அது தெரியாது.

இதைப் பேசிப் புரியவைப்பதைவிட அட்டவணை போட்டுப் புரியவைப்பது எளிது. தாளில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிடை. ஒரு வரியை ஓட்டியதாக எண்ணிக்கொண்டு, எது மாறியதோ அதை மட்டும் எழுத வேண்டும். பழைய ஆசிரியர்கள் பழைய முறை என்று கைவிட்ட இந்த வேலையை நான் விடாமல் செய்யச் சொல்கிறேன். அ, ஆ ஆகிய இரண்டின் மதிப்புகளையும் ஒன்றுக்கொன்று இடம்மாற்று என்று கேட்டால், முதலில் வருவது அ = ஆ, ஆ = அ என்ற இரண்டு வரிகள். அட்டவணையில் இதை எழுதிப் பார்க்கும்போது, முதல் வரியிலேயே அவின் பழைய மதிப்பு அழிந்துபோவது கண்ணெதிரே தெரிகிறது. அந்த மதிப்பை எங்கேயாவது ஒதுக்கிவைக்க வேண்டுமே என்ற தேவையிலிருந்து மூன்றாவது மாறி பிறக்கிறது. தேவையை உணர்ந்த பிறகு வரும் தீர்வை யாரும் மறப்பதில்லை. பைத்தானில் இதை ஒரே வரியில் செய்யலாம் என்பது உண்மைதான்; அந்த ஒற்றை வரி என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்த பிறகு அதைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கலாம் என்ற வழியை 1990களிலிருந்து வளர்த்தெடுத்தவர்கள் டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெல்லோஸ் ஆகியோர். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வளர்ந்த ‘சிஎஸ் அன்பிளக்டு’ செயல்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வேறு நிறமும் உள்ள அட்டைகளை வைத்துச் செய்யும் வித்தை. ஐந்துக்கு ஐந்து என்று 25 அட்டைகளைத் தன் விருப்பப்படி எந்த நிறம் மேலே இருக்குமாறும் அடுக்கும்படி ஒரு பிள்ளையிடம் சொல்கிறோம். இன்னும் கொஞ்சம் கடினமாக்குகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒவ்வொரு பத்தியின் அடியிலும் ஓர் அட்டையைச் சேர்த்து, மூலையிலும் ஒன்று வைத்து, 36 ஆக்கிவிடுகிறோம். பிறகு திரும்பி நின்றுகொண்டு, ஏதேனும் ஓர் அட்டையை மட்டும் புரட்டிவைக்கச் சொல்கிறோம். திரும்பிப் பார்த்து, எது புரட்டப்பட்டது என்று சரியாகத் தொட்டுக் காட்டுகிறோம்.

சேர்த்த அட்டைகள் சும்மா சேர்க்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் கறுப்பு அட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி வைக்கப்பட்டவை. ஒன்றைப் புரட்டினால் ஒரு வரிசையிலும் ஒரு பத்தியிலும் ஒற்றைப்படை வந்துவிடும். இரண்டும் வெட்டும் இடம்தான் குற்றவாளி. கணினிகள் தகவலை அனுப்பும்போதும் சேமிக்கும்போதும் பிழை நேர்ந்ததா என்று கண்டறியப் பயன்படுத்தும் கருத்து இதுவே. பிழையைக் கண்டறிவதோடு நில்லாமல் திருத்தவும் வல்ல குறிமுறைகளை ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்டார். வித்தையின் ரகசியத்தைச் சொல்லிவிட்டால் பாடம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ அங்கேதான் தொடங்குவதாகத் தோன்றுகிறது. இரண்டு அட்டைகளைப் புரட்டினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்வேன். ஒரே வரிசையில் இரண்டு என்றால் அந்த வரிசை ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும், இரண்டு பத்திகள் மட்டும் கெட்டுப்போயிருக்கும். ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள அட்டைகளைப் புரட்டினால்? எல்லாம் இரட்டைப்படையாகவே இருக்கும். ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். இந்த நான்கு அட்டைகளைத் தானாகக் கண்டுபிடித்து என்னை ஏமாற்ற முயலும் பிள்ளைக்கு, ஒரு முறையின் எல்லையைச் சோதிப்பது எப்படி என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட விளையாட்டுகளில் ஓர் ஆபத்தும் உண்டு. அவற்றைக் கணினியோடு மீண்டும் இணைக்காவிட்டால் அவை வெறும் விளையாட்டாகவே நின்றுவிடும். 1 முதல் 1000 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள், பத்துக் கேள்விகளில் கண்டுபிடிக்கிறேன் என்ற விளையாட்டை எல்லோரும் ரசிப்பார்கள். ஒவ்வொரு கேள்வியிலும் மிச்சமுள்ளவற்றைப் பாதியாக்கினால் போதும், பத்து முறை இரட்டித்தால் 1024 வந்துவிடுகிறது என்பதும் புரிந்துவிடும். அதே வேலையைப் பத்து லட்சம் எண்களில் செய்தால் எத்தனை கேள்வி என்று யூகிக்கச் சொன்னால், ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். 20 போதும் என்று தெரியும்போது வரும் திகைப்பு உண்மையானது. ஆனால் இதை நிரலாக எழுத உட்கார்ந்தால்தான், பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நினைவுக்கு வரும், எல்லைகள் ஒன்று கூடவோ குறையவோ போய் நிரல் முடிவே இல்லாமல் சுற்றும், பாதி எண் முழு எண்ணாக வராதபோது என்ன செய்வது என்ற கேள்வி எழும். விளையாட்டில் நாம் அறியாமலே சமாளித்துக்கொண்ட எல்லாவற்றையும் கணினி நம்மிடம் கேட்டு வாங்கிவிடுகிறது.

கணினிச் சிந்தனை என்ற பெயர் இந்த எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. பேப்பர்ட் 1980இலேயே இந்தத் தொடரைக் கையாண்டிருந்தாலும், அதைப் பள்ளிகள்வரை கொண்டுசேர்த்தது கணினி அறிவியலாளர் ஜெனட் விங் 2006 மார்ச்சில் எழுதிய ஒரு குறுங்கட்டுரை. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றோடு இதையும் ஒவ்வொரு குழந்தையின் திறனாகச் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அதன் பின் வந்த பாடக்குறிப்புகள் அதைச் சிக்கலைப் பிரித்தல், ஒற்றுமை காணுதல், தேவையற்றதை விலக்குதல், படிகளாக எழுதுதல் என்று நான்காக வகுத்துச் சுவரில் ஒட்டிவிட்டன. தேர்வில் இந்த நான்கையும் வரையறுக்கச் சொல்லும் வினாத்தாள்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. முக்கோணத்துக்காக நடந்து பார்த்த பிள்ளை இந்த நான்கில் பலவற்றைச் செய்துவிட்டது. அவற்றின் பெயர் தெரியாததால் அதற்கு எந்த நட்டமும் இல்லை.

இந்தச் சிந்தனை வந்துவிட்டால் வாழ்க்கையின் எல்லாச் சிக்கல்களையும் பிள்ளை ஒழுங்காகத் தீர்த்துவிடும் என்று விளம்பரங்கள் வாக்களிக்கின்றன. இந்த வாக்குறுதி பழையது, சோதித்தும் பார்க்கப்பட்டது. 1980களின் முற்பகுதியில் ராய் பீயும் மிடியன் கர்லண்டும் ஓராண்டு லோகோ பயின்ற மாணவர்களிடம் வகுப்பறை வேலைகளைத் திட்டமிடும் பணி ஒன்றைக் கொடுத்தனர். லோகோ பயிலாதவர்களைவிட அவர்கள் சிறப்பாகத் திட்டமிடவில்லை. பிற்பாடு பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது என்றாலும், நிரலாக்கத்துக்கு நெருக்கமான திறன்களில் பலன் அதிகம், விலகிய திறன்களில் குறைவு என்பதே அதன் சாரம். ஆகவே பெற்றோரிடம் நான் பெரிய வாக்குறுதிகள் தருவதில்லை. பிள்ளைக்குக் கணினி எப்படி வேலை செய்கிறது என்று தெரியும், அதைக் கொண்டு தனக்குத் தேவையானதைச் செய்துகொள்ளத் தெரியும் என்பதே போதிய காரணம். கணினி அறிவியலைக் கற்பிக்க வேறு பாடத்தின் சிபாரிசு எதற்கு?

மொழித் தேர்வைப் பற்றி இப்போது சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிச்சல் ரெஸ்னிக்கின் குழு அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், எட்டு வயதிலிருந்து நன்றாகப் பொருந்துகிறது. அதைவிடச் சிறியவர்களுக்கு 2014இல் வந்த ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது. கட்டங்களை இழுத்துப் பொருத்துவது குழந்தைத்தனம் என்று நினைத்துப் பத்து வயதிலேயே எழுத்து நிரலுக்கு விரட்டுவதை நான் ஏற்பதில்லை. கட்டங்களில் இலக்கணப் பிழை செய்ய வழியில்லை என்பதால், மிஞ்சும் பிழைகள் எல்லாம் சிந்தனைப் பிழைகளாகவே இருக்கும், நமக்கு வேண்டியதும் அவைதான்.

எழுத்து நிரலுக்கு வந்த பிறகு, வெற்றுத் திரையின் முன் உட்காரவைப்பதைத் தவிர்க்கலாம். எழுதுவதற்கு முன் வாசிக்க வேண்டும். ஓடும் நிலையிலுள்ள பத்து வரி நிரலைக் கொடுத்து, என்ன செய்யும் என்று சொல்லவைத்து, ஓட்டி, ஏன் அப்படி ஆனது என்று துருவி, ஓரிடத்தில் மாற்றி, கடைசியில் அதைப் போன்ற ஒன்றைத் தானே ஆக்கச் சொல்லும் முறையை சூ சென்டன்ஸ் என்ற கல்வியாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். டேல் பார்சன்ஸ், பேட்ரிஷியா ஹேடன் இருவரும் 2006இல் அறிமுகப்படுத்திய புதிர் வகையும் இதற்கு உதவும். சரியான நிரலின் வரிகளைக் குலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வதுதான் அது. தாளில் அச்சிட்டு, வரி வரியாக வெட்டி, இரண்டு பேர் கையில் கொடுத்துவிட்டால், எந்த வரி சுழலுக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) உள்ளே, எது வெளியே என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதை ஓரமாக நின்று கேட்டால் போதும். யாருக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

இரண்டு பேர் ஒரே கணினியில் வேலை செய்வதை நான் வற்புறுத்துவதற்கும் அதுவே காரணம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் அடுத்து என்ன என்று சொல்ல வேண்டும். சிறிது நேரத்துக்கொரு முறை இடம் மாற வேண்டும். இதை விட்டுவிட்டால், வீட்டில் கணினி பழகிவந்த பிள்ளை விசைப்பலகையைப் பிடித்துக்கொள்ளும், மற்றது வேடிக்கை பார்க்கும். வேகமாகத் தட்டச்சு செய்பவரைத் திறமைசாலி என்று வகுப்பு முடிவுகட்டிவிடுகிறது. வேடிக்கை பார்த்த பிள்ளை, இது எனக்கு வராது என்று ஒதுங்கிக்கொள்கிறது. என்ன நடக்கும் என்று முதலில் சொல்லவைக்கும் வகுப்பில் இந்த வேகத்துக்கு மரியாதை குறைவு, தயங்கித் தயங்கிச் சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு மரியாதை அதிகம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட நொடியில் நிரல் எழுதித் தரும் இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியை இப்போது பெற்றோரைவிடப் பிள்ளைகளே அதிகம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவற்றைத் தடை செய்வதால் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கருவி தந்த நிரலை ஓட்டுவதற்கு முன் அட்டவணை போட்டுக் காட்டு என்று மட்டும் கேட்கிறேன். எழுதும் உழைப்பு குறைந்திருக்கிறதே தவிர, எழுதப்பட்டது என்ன செய்யும் என்று அறியும் பொறுப்பு அப்படியே மனிதரிடம் நிற்கிறது. இதுவரை யாரோ எழுதியதை எப்போதாவது வாசித்தவர்கள் இனி நாள்தோறும் வாசிக்க வேண்டியிருக்கும். தானே சிறிது எழுதிப் பார்க்காதவருக்கு அந்த வாசிப்பு வருமா என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. அதனால் தொடக்க ஆண்டுகளில் கையால் எழுதுவதையும் விடுவதற்கில்லை.

ஒரு பிள்ளை உண்மையில் கற்றிருக்கிறதா என்று அறிய, புதிய நிரல் எழுதச் சொல்வதைவிட, ஏற்கெனவே சரியாக ஓடும் நிரலைக் கெடுக்கச் சொல்வது எனக்கு அதிகம் உதவுகிறது. பட்டியலில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரல் இது: ‘பெரியது’ என்ற மாறியில் முதலில் 0 வை, பட்டியலின் ஒவ்வோர் எண்ணையும் எடுத்துப் பார், அது ‘பெரியது’ என்பதில் உள்ளதைவிட அதிகமானால் அதையே ‘பெரியது’ என்பதில் வை. 4, 17, 9 என்று கொடுத்தால் 17 என்கிறது. இந்த நிரல் தவறான விடை சொல்லும்படி ஒரு பட்டியலைக் கொடு என்பதே கேள்வி. சிலர் மிகப் பெரிய எண்களைக் கொடுத்துப் பார்ப்பார்கள், சிலர் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். அட்டவணை போடப் பழகியவர் கொஞ்ச நேரத்தில் முதல் வரியில் உள்ள 0வை உற்றுப் பார்ப்பார். எல்லா எண்களும் பூஜ்யத்தைவிடச் சிறியவையாக இருந்தால்? -3, -8, -1 என்று கொடுத்தால் நிரல் 0 என்று சொல்கிறது. பட்டியலிலேயே இல்லாத ஓர் எண்.

0வுக்குப் பதில் பட்டியலின் முதல் எண்ணை வைத்துத் தொடங்கலாம் என்ற திருத்தம் அவர்களிடமிருந்தே வரும். திருத்திய நிரலையும் கெடுக்க முடியுமா என்று கேட்டால், இம்முறை நீண்ட நேரம் எடுக்கும். ஒன்றுமே இல்லாத பட்டியலைக் கொடுத்தால் முதல் எண் என்று எதை எடுப்பது என்ற இடத்துக்கு யாராவது வந்து சேர்வார்; பழைய நிரல் அங்கே 0 என்று ஒரு விடையாவது சொன்னது, திருத்தப்பட்டது நின்றே போகிறது. வெற்றுப் பட்டியலின் மிகப் பெரிய எண் எது என்பதற்குக் கணினியிடம் விடை இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் தீர்மானித்து எழுத வேண்டும். பிழைச்செய்தி காட்டு என்று ஒருவர் சொல்வார், ஒன்றும் இல்லை என்று திருப்பிச் சொல் என்று இன்னொருவர் சொல்வார், வெற்றுப் பட்டியலை உள்ளேயே விடாதே என்பார் மூன்றாமவர். மூன்றையும் எழுதி ஓட்ட வைத்து, மற்ற இருவரின் நிரல்களைக் கெடுக்கும் வேலையை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு அடுத்த குழுவைப் பார்க்கப் போய்விடலாம்.